மறு: அக்ரசியா – ‘மனவலுவின்மை’யா, ‘அறிந்துவழுவல்’ஆ?

> ‘மனவலுவின்மை’ என்றே போட்டுவிடலாம். எல்லாருக்கும் விளங்கும்.

நம் கலைச்சொல் பட்டியலில் ‘அக்ரசியா’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு, அதாவது எது நல்லதென்று தெரிந்தும் அதற்கு மாறாக நடப்பதற்கு, நீங்கள் ‘மனவலுவின்மை’ என்கிறீர்கள், நான் ‘அறிந்துவழுவல்’ என்கிறேன். உங்கள் சொல் விளங்கும் ரீச்சர், கரைச்சலே அதுதான். சொல்லை வாசித்த கையோடு தீர்ப்பும் எழுதியாகிவிடுகிறது: ஆளுக்கு மனத்தில் வலு இல்லை, அதனால் கெட்டான். ஒருவன் தனக்குக் கேடு என்று தெரிந்ததை ஏன் தேடிப்போய்ச் செய்கிறான் என்பதற்கான காரணத்தில்தான் மெய்யியலாளர்கள் இன்றுவரை அடிபடுகிறார்கள். நாங்கள் பெயரிலேயே ஒரு கட்சிக்கு வாக்குப் போடக் கூடாது.

பிளேட்டோவின் ‘புரொத்தகோரஸ்’ உரையாடலில் சோக்கிரட்டீஸ், அப்படி ஒரு நிலையே கிடையாது என்கிறார். நல்லதை மெய்யாக அறிந்தவன் கெட்டதைத் தேர மாட்டான். தேர்ந்தால், கிட்ட இருக்கிற இன்பம் பெரிதாகத் தெரிந்து அவன் கணக்குப் பிழைத்திருக்கிறது. சரி, இதை எழுதுவோம்: ‘மனவலுவின்மை என்று ஒன்று இல்லை என்றார் சோக்கிரட்டீஸ்.’ ஏதென்சுக்காரர் அத்தனை பேருக்கும் நற்சான்றிதழ் கொடுத்த மாதிரி இருக்கிறது. ‘அறிந்துவழுவல் என்று ஒன்று இல்லை, வழுவியவன் அறியவில்லை’ என்றால் அவர் வாதம் நேராக நிற்கிறது.

அடுத்தது, மெய்யியலாளர் ரிச்சர்ட் ஹோல்டன் 1999இல் இன்னொரு வேறுபாடு காட்டினார். எடுத்த தீர்மானத்தைச் சட்டென மாற்றிக்கொள்வதுதான் மனவலுக் குறைவு. தன் மதிப்பீட்டுக்கு மாறாக நடப்பது வேறு. ‘மனவலுவின்மை’யை இங்கே செலவழித்துவிட்டால் அவருக்கு எதைக் கொடுப்பது?

இனி ஊர்க்கதை. கிளினிக்கில் சீனி கூடிவிட்டதென்று ஏச்சு வாங்கிய மனிசன் வெளியே வந்து, எதிர்க்கடையில் தேத்தண்ணி கேட்கிறார், ‘சீனி கொஞ்சம் தூக்கலா’. கிளினிக் கொப்பி கக்கத்திலேயே இருக்கிறது. கேட்டால் விரித்து இலக்கத்தை வாசித்தும் காட்டுவார். அரிஸ்டோட்டில் நிக்கோமாக்கிய அறவியலின் 7ஆம் நூலில் பிடிப்பது இந்த ஆளைத்தான். வெறிகாரன் பழைய கிரேக்க மெய்யியலாளர் எம்பெடோக்ளீசின் பாட்டை ஒப்புவிப்பது போல, வாயில் அறிவு இருக்கிறது, அந்த நேரம் வேலை செய்வதில்லை. (தவறணை வாசலில் தேவாரம் கேட்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.) இன்பத்தைத் துரத்துவதே சரி என்று நம்பி நடப்பவனை அவர் தனியே வைக்கிறார். அவனுக்குப் பின்வருத்தம் இல்லை. அவனை ‘வரம்பிலி’ எனலாம்.

அக்ரசியாவில் அரிஸ்டோட்டில் சொல்லும் இரண்டு வகைக்கும் பெயர் ‘வழுவல்’ என்ற சொல்லிலிருந்தே வந்துவிடும். யோசியாமல் பாய்வது முந்துவழுவல். யோசித்து முடிவெடுத்தும் நில்லாமற்போவது தளர்வழுவல். ஆசை இழுத்தும் நிற்பவனுடைய நிலைக்கு இலக்கணக்காரர் ‘வழாநிலை’யை ஆயத்தமாக வைத்திருக்கிறார்கள். இரவல் கேட்டால் தருவார்கள்.

– களுவாஞ்சிகுடி

---

> அறிந்துவழுவல்

தம்பி, நான் விபுலானந்த அடிகளின் ஊர். 1936இல் சென்னையில் கலைச்சொல் மாநாட்டுக்கே தலைமை தாங்கியவர் அவர். ஆகையால் கொஞ்சம் அதிகாரமாகக் கேட்கிறேன். ‘வழுவல்’ என்றால் கால் சறுக்கியதுபோல. சூதாடி சறுக்கவா செய்கிறான்? ‘இழத்தொறூஉம் காதலிக்கும் சூது’ என்கிறது 940ஆம் குறள். தோற்கத் தோற்க ஆசை கூடுகிறது. அறுவடைக் காசைக் கொண்டுபோய்க் கடுதாசிக் கூட்டத்தில் வைக்கிறவனை நான் பார்த்திருக்கிறேன், அவன் முகத்தில் சறுக்கல் ஒன்றும் இல்லை. அங்கே கேடே இழுக்கிறது. அதையும் உங்கள் சொல்லுக்குள் அடக்குவீர்களா?

– காரைதீவு

---

அடக்க மாட்டேன் அண்ணன். பிராய்ட் 1920இல் ‘இன்பக் கோட்பாட்டுக்கு அப்பால்’ எழுதியபோது தொட்டது நீங்கள் சொல்வதைத்தான். துன்பம் தந்ததையே ஆள் திரும்பத் திரும்பச் செய்வதை இன்ப நாட்டத்தால் மட்டும் விளக்க முடியவில்லை, அதனால் சாவு உந்தல், அதாவது அழிவை நோக்கி இழுக்கும் ஓர் உள்விசை, வரை போனார். அவர் விடை எனக்கு முழுதாகப் பிடிக்கவில்லை, ஆனால் கேள்வி வேறு என்பது சரி. ‘தன்னழிப்பு நடத்தை’ பொதுத் தலைப்பாக இருக்கட்டும். அறிந்துவழுவல் அதன் கீழ் ஒரு பதிவு, சூதாடியின் நிலைக்கு இன்னொன்று. போதைக்கு அடிமையாதலை இரண்டிலும் சேர்க்க வேண்டாம். அங்கே தெரிவு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதே வழக்கு.

சூதாடிக்கு நீங்களே ஒரு சொல் தாருங்கள், குறளிலிருந்தே எடுத்தாலும் சரி. அறிந்துவழுவலை மட்டும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள். பிரித்தால் அகரவரிசையில் ‘அறிந்து’ ஒரு பக்கம், ‘வழுவல்’ ஒரு பக்கம் போய்விடும்.

– களுவாஞ்சிகுடி