மேலே அச்சாக விழுந்த கோடு அடியில் விலகியது: ரெயிலில் ஓடும் மின் சங்கிலி ரம்பம், உங்கள் அனுபவங்கள்

முகப்புத்தூண் (காரைக்குடி)

பிரித்தெடுத்த ஒரு பழைய வீட்டின் பர்மா தேக்கு உத்திரங்களை வேறொரு வீட்டு முகப்புக்கு ஏற்ப நீளம் குறைத்துக் கொடுக்கும் வேலை எங்கள் பட்டறைக்கு வந்தது. எட்டங்குலச் சதுரம் என்பதால் சாதாரணக் கை வட்ட ரம்பம் பாதி ஆழத்துக்குக்கூட எட்டாது. ஆகவே, மரத்தின் மேல் கிடத்தும் ரெயில் என்ற வழிகாட்டிச் சட்டத்தில் ஓடும் அடித்தட்டு பொருத்திய மின் சங்கிலி ரம்பத்தை, இயக்குபவரோடு சேர்த்து வாடகைக்கு அமர்த்தினோம். அவர் ரெயிலைக் கிளாம்புகளால் இறுக்கி, மூலைமட்டம் வைத்துப் பார்த்து, நிதானமாகவே அறுத்தார். மேல்முகத்தில் கோடு அச்சாக விழுந்தது.

துண்டு பிரிந்ததும் எங்கள் பெரிய ஆசாரி ஒன்றும் பேசாமல் வெட்டுமுகத்தில் மூலைமட்டத்தை வைத்தார். மேல் விளிம்பில் மரத்தோடு ஒட்டியிருந்த மட்டத்தின் பின்னால், கீழே போகப் போக வெளிச்சம் அகன்றுகொண்டே வந்தது. அடிவிளிம்பில் மூன்று நூல் (அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு) விலகல். ரெயில் மயிரிழையும் நகரவில்லை, நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். அந்த வெளிச்சம் இன்னும் என் மனத்தை விட்டுப் போகவில்லை. இப்படி யாருக்காவது நேர்ந்திருக்கிறதா?

வேங்கை (நாகர்கோவில்)

ரெயில் பிடித்துக்கொள்வது இயந்திரத்தின் அடித்தட்டை மட்டுமே, ஐயா. பாரின், அதாவது சங்கிலி சுற்றியோடும் நீண்ட தட்டின், நுனி எட்டங்குல ஆழத்தில், மரத்துக்குள், எந்தப் பிடிப்பும் இல்லாமல் சங்கிலி இழுக்கும் பக்கமெல்லாம் வளையக்கூடிய நிலையில் இருக்கிறது. சங்கிலியில் வெட்டுப்பற்கள் இடமும் வலமுமாக மாறி மாறி வருகின்றன. ஒரு வரிசை மழுங்கினாலோ குட்டையானாலோ, கூராக இருக்கும் வரிசையின் பக்கமாக வெட்டு சாய்ந்துகொண்டே இறங்கும்.

இதை நான் கண்ணால் பார்த்தது ஒரு பழைய பலாமரத் தூணில். நன்றாக இறங்கிக்கொண்டிருந்த ரம்பத்தில் ஒரே ஒரு முறை 'டிக்' என்ற ஓசை கேட்டது. வெளியே எதுவும் தெரியவில்லை. அதுவரை நீளமான செதில்களாக விழுந்துகொண்டிருந்த மரம் அந்த நொடியிலிருந்து மாவாக விழத் தொடங்கியது. பிறகு பிளந்து பார்த்தால், மரத்துக்குள் புதைந்திருந்த ஓர் இரும்பாணியின் பக்கவாட்டைச் சங்கிலி உரசிப் போயிருந்தது. ஒரு பக்கப் பற்கள் மட்டும் வெள்ளி மினுக்கத்தோடு மழுங்கியிருந்தன. அதற்கு மேலே இருந்த வெட்டுமுகம் நேராகவும், கீழே இருந்தது வில்லாகவும் நின்றது. பழைய வீட்டு மரம் என்றாலே உள்ளே இரும்பு இருக்கும் என்று எண்ணித்தான் தொடங்க வேண்டும். உங்கள் சங்கிலியின் இருபக்கப் பற்களையும் வெர்னியர் அளவுகோலால் அளந்து பாருங்கள்.

நூலடி (கும்பகோணம்)

வேங்கை அவர்கள் எல்லாவற்றையும் சங்கிலியின் தலையில் ஏற்றுவதை நான் ஏற்கவில்லை. பல்லாண்டுகள் ஒரே இடத்தில் சுமை தாங்கிய உத்திரம் முறுக்கிக்கொண்டிருக்கும். முறுக்கிய மேல்முகத்தில் ரெயிலைப் படுக்க வைத்தால், ரம்பம் அந்த முகத்துக்குச் செங்குத்தாகத்தான் இறங்கும், பக்கமுகத்தோடு ஒத்துப்போகாது. மாயவரம் பக்கத்தில் ஒரு நிலைக்கட்டையில், இரு முனைகளிலும் நேரான இரண்டு சட்டங்களைக் குறுக்கே வைத்து ஒன்றின் மேல் மற்றொன்றை நோக்கியபோது, ஒரு மூலை விரல் தடிமனுக்கு மேலே தூக்கி நின்றதைக் கண்டேன். கட்டையை வெறும் கண்ணால் பார்த்த எவரும் அதை நேர் என்றே சொல்லியிருப்பார்கள்.

குழியில் மரம் அறுத்த காலத்தில் மேலே ஒருவர், கீழே ஒருவர் நின்று வாளை இழுத்தார்கள். கீழே நின்றவருக்குத் தூள் கண்ணில் விழுந்தாலும் அடிக்கோட்டைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. 1926இல் ஆண்ட்ரியாஸ் ஷ்டீல் செய்த மின் சங்கிலி ரம்பம்கூட 64 கிலோ எடையோடு இருவர் பிடிக்கும்படியே இருந்தது. இன்று ஒருவரே மேலே நின்று முடித்துவிடுகிறோம். அடிக்கோட்டைப் பார்ப்பவர் இல்லை.

மின்பணி (கோவை)

கோடு விலகியதைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் பார்த்தது வேறு. ஒரு கட்டுமானத்தில், பாரின் நுனியைக் கொண்டு உத்திரத்தின் நடுவில் காடி (பள்ளம்) இறக்கிக்கொண்டிருந்தார் ஒரு தச்சர். உத்திரம் உருளாமலிருக்க அதன் பின்னால் முட்டுக்கொடுத்திருந்த பலகையை, நுனியின் மேல்பாதி தொட்டது. ரம்பம் ரெயிலோடு சேர்ந்து மேலே எகிறியது. கிளாம்பு கழன்று சுவரில் மோதியது. ரம்பத்தின் கைப்பிடிக்கு முன்னே நிற்கும் முன்கைக் காப்பு அவர் மணிக்கட்டில் பட்டுச் சங்கிலித்தடையைப் போட்டதால்தான் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் விரித்து நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சிலவற்றைச் சொல்லியே ஆக வேண்டும். ரெயில் இருக்கிறது என்ற நம்பிக்கையில் பிடியைத் தளர்த்துகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். ரெயில் பக்கவாட்டு ஓட்டத்தைத் தடுக்குமே தவிர, நுனி எகிறுவதைத் தடுக்காது. பாரின் நுனி எங்கே வெளிவரும் என்பதை முன்பே குறித்து, அந்த இடத்தில் முட்டு, ஆணி, கல் எதுவும் இல்லாதபடி மரத்தைத் தாங்குங்கள். 2000 வாட் மோட்டார் 230 வோல்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். நீளமான ஒயருக்கு 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்ததைப் போட்டால் மின்னழுத்தம் விழுந்து சங்கிலி தடுமாறும், தடுமாறும் சங்கிலியை அழுத்தும்போதுதான் பாரும் வளைகிறது. ஒயரைச் சுருளாகவே விட்டு வேலை செய்தால் அது சூடாகி உருகும். சூடான சங்கிலி நீளும் என்பதால் வேலையின் நடுவே இறுக்குகிறோம். முடித்ததும் தளர்த்தாமல் வைத்தால் குளிர்ந்து சுருங்கிப் பாரையும் மோட்டார் அச்சையும் நெரிக்கும். தோளில் துண்டோடும் தொங்கும் சட்டைக்கையோடும் அருகில் வராதீர்கள். பெட்ரோல் ரம்பத்துக்கான தடுப்புக் கால்சட்டையை மட்டும் நம்பவும் வேண்டாம்: அதன் இழைகள் சிக்கி எஞ்சினை நிறுத்தும், ஆனால் மின்மோட்டார் வேகம் குறைந்தாலும் முறுக்குவிசை குறையாமல் இழுக்கக்கூடியது.

வேங்கை (நாகர்கோவில்)

நூலடி அவர்களே, முறுக்கு இருந்தால் விலகல் நேர்கோடாக இருக்கும். சங்கிலி இழுத்தால் வெட்டுமுகம் வளைந்திருக்கும். முகப்புத்தூண் அவர்கள் வெட்டுமுகத்தில் ஒரு நேர்சட்டத்தை மேலிருந்து கீழாக வைத்துப் பார்த்தால் நம் வழக்கு தீர்ந்துவிடும்.

முகப்புத்தூண் (காரைக்குடி)

வைத்துப் பார்த்தோம். மேலே பாதி வரை சட்டம் ஒட்டியது. அதற்குக் கீழே முகம் குழிந்து விலகுகிறது. இரும்பு எதுவும் கிடைக்கவில்லை. பற்களை அளந்தபோது ஒரு வரிசை மற்றதைவிடக் கண்ணுக்கே தெரியும் அளவுக்குக் குட்டையாக இருந்தது. கையால் அரம் பிடிக்கும்போது வசதியான பக்கத்தில் அதிகம் தேய்த்திருக்கிறார்கள். ஆனால் நூலடி அவர்கள் சொன்னபடி இரு சட்டங்களையும் வைத்து நோக்கியதில், இன்னும் அறுக்காத உத்திரம் ஒன்று முறுக்கியிருப்பதும் தெரிந்தது. வாடகைக்காரர் சங்கிலியை மாற்றித் தந்தார். மீதி உத்திரங்களுக்கு நான்கு முகங்களிலும் கோட்டைச் சுற்றி வரைந்து, மேலிருந்து பாதி ஆழமும், புரட்டிப் போட்டு எதிர்முகத்திலிருந்து பாதி ஆழமுமாக அறுத்தோம். நடுவில் இரண்டு வெட்டுகளும் சந்தித்த இடத்தில் நின்ற சிறு வரம்பை ஆசாரி உளியால் சீவி எடுத்தார். முறுக்கிய உத்திரத்துக்கு மட்டும், ரெயிலின் ஒரு முனைக்கடியில் ஆப்பு வைத்து மட்டம் பார்த்த பிறகே ரம்பத்தை ஓட்டவிட்டார்.