மறு: மேட்ச் டைபிரேக் – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு,

டென்னிஸ் இரட்டையர் ஆட்டங்கள் பலவற்றில், ஆளுக்கு ஒரு செட் எடுத்தபின் மூன்றாவது செட்டுக்குப் பதிலாக ஆடுகிற மேட்ச் டைபிரேக்குக்குத் தமிழ்ச்சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். டைபிரேக்கைச் 'சமன்முறி' என்கிறோம்; அதை வைத்து வந்த யோசனை இது:

> 'இறுதிச் சமன்முறி' என்றே வைத்துக்கொள்ளலாமே?

எனக்குத் தயக்கமாக இருக்கிறது. 'இறுதி' என்றாலே வாசகர் மனத்தில் இறுதிப்போட்டிதான் வரும். 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில், இந்தியாவின் ராம்குமார் ராமநாதன் – சாகேத் மைனேனி இணை அரையிறுதியில் தென்கொரிய இணையை 6-1, 6-7, 10-0 என வென்றது. இதை "அரையிறுதியின் இறுதிச் சமன்முறியில் வென்றனர்" என்று எழுதிப் பாருங்கள், தலை சுற்றும். (அதற்கடுத்த இறுதிப்போட்டியில் சீன தைபே இணையிடம் நேர் செட்களில் தோற்று வெள்ளி வாங்கினார்கள். அங்கே இந்தச் சொல்லுக்கே வேலையில்லை.)

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஒரு செட்டில் 6-6 என்று ஆட்டங்கள் (கேம்கள்) சமமானதும் ஆடுகிற டைபிரேக், செட்டுக்கு உள்ளேயே நடப்பது. அதற்குச் 'சமன்முறி' சரி. நாம் பேசுவதோ செட்டின் இடத்தையே பிடித்துக்கொள்கிற ஒன்று. ஆளுக்கு ஒரு செட் எடுத்தபின் மூன்றாவது செட்டே கிடையாது; இரண்டு புள்ளி வித்தியாசத்தோடு முதலில் பத்தைத் தொடுகிறவர்களுக்கு வெற்றி. முன்பு ஒலிம்பிக்கில் இப்படி இல்லை. 2004 ஏதென்ஸ் வெண்கலப் போட்டியில் பயஸும் பூபதியும் குரோஷிய இணையிடம் மூன்றாவது செட்டை 14-16 என்று இழந்தார்கள். முழு செட், முப்பது ஆட்டங்கள்! 2024 பாரிஸில் தங்கமே 10-8இல் முடிவானது: ஆஸ்திரேலியாவின் எப்டன் – பியர்ஸ் இணை அமெரிக்கர்களை 6-7, 7-6, 10-8 என வென்றது. முப்பது ஆட்டங்கள் இருந்த இடத்தில் பதினெட்டுப் புள்ளிகள்.

ஆகவே என் பரிந்துரை 'மாற்றுச் செட்'. செட்டுக்கு மாற்றாக வருவது, அவ்வளவுதான். மாற்று ஆட்டக்காரர் என்று ஏற்கெனவே சொல்கிறோம், அதனால் பொருள் புரியாமல் போகாது. வாக்கியத்திலும் இடறவில்லை: "மாற்றுச் செட்டை 10-0 எனக் கைப்பற்றினர்", "ஆட்டம் மாற்றுச் செட்டுக்குச் சென்றது".

> 'பத்துப்புள்ளி' இன்னும் சுருக்கம்.

சுருக்கம்தான், காதுக்கும் நன்றாக இருக்கிறது. ஆனால் 2022 முதல் நான்கு கிராண்ட்ஸ்லாம்களிலும் கடைசி செட் 6-6 ஆனால் பத்துப் புள்ளி டைபிரேக்தான் ஆடுகிறார்கள். அதுவும் பத்துப்புள்ளி, இதுவும் பத்துப்புள்ளி என்றால் வாசகர் எதைப் புரிந்துகொள்வார்? கிராண்ட்ஸ்லாமில் வருவதை 'நெடுஞ்சமன்முறி' எனலாம். அது செட்டுக்கு உள்ளே இருப்பதால் சமன்முறிக் குடும்பத்திலேயே இருக்கட்டும்.

'செட்' தமிழா என்று யாராவது கட்டாயம் கேட்பீர்கள். இல்லைதான். ஆனால் செய்தித்தாள் படிக்கிற எல்லோரும் "முதல் செட்டை 6-4 எனக் கைப்பற்றினார்" என்று பழகிவிட்டார்கள். அதைத் 'தொகுதி' என்று மாற்றினால், தேர்தல் செய்தியோ என்று நினைப்பார்கள். அதை வேறு இழையில் வைத்துக்கொள்வோம்.

ஜோடியா, இணையா என்ற கேள்வியில் எனக்குப் பிடிவாதம் இல்லை. இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன.

'மாற்றுச் செட்'டுக்கு மறுப்பு இருந்தால் ஒரு மாதிரி வாக்கியத்தோடு எழுதுங்கள். வாக்கியத்தில் வைத்துப் பார்க்காமல் வெறும் சொல்லை வைத்து வாதாடினால் இந்த இழை முடியவே முடியாது.