கடை டேட்டாபேஸை வெளியே கொடுக்கலாமா, மேசைக்கு அடியிலேயே இருக்கட்டுமா?

உதிரிபாகக்கடை:
வணக்கம். திருச்சியில் டூவீலர் உதிரி பாகம் மொத்த வியாபாரம். தஞ்சாவூரிலும் புதுக்கோட்டையிலும் கிளை உண்டு. அவர்கள் ரிமோட் டெஸ்க்டாப் (தூரத்திலிருந்தே இன்னொரு கம்ப்யூட்டரை இயக்கும் வசதி) வழியாக இங்கே வந்து பில் போடுகிறார்கள். சாஃப்ட்வேர் தெரிந்த ஒருவர் எழுதிக் கொடுத்தது. டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல் 5.7, விண்டோஸ், டேட்டா 14 ஜிபி. சர்வர் என்று பெயர்தான், கேஷ் கவுண்டர் மேசைக்கு அடியில் கிடக்கும் சாதாரண கம்ப்யூட்டர்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கரண்ட் போனது, யுபிஎஸ் பேட்டரியும் கைவிட்டது. திரும்ப ஆன் செய்தால் டேட்டாபேஸ் எழவே இல்லை. சரி, பேக்கப் இருக்கிறதே என்று பென் டிரைவைத் திறந்தால் 11 நாளாக எல்லாக் கோப்பும் 0 கேபி. டிரைவ் நிரம்பிப் போனதை யாருமே கவனிக்கவில்லை. எப்படியோ மீட்டோம், ஆனால் இரண்டு நாள் கையால் பில் எழுதினோம்.

இப்போது ஒரு நிறுவனம் மாதம் 9,000 ரூபாய்க்கு "எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்கிறது. 99.95 சதவீதம் ஓடும் என்று உத்தரவாதம். தம்பி கொடுத்துவிடலாம் என்கிறான், ஆடிட்டர் கணக்கு வெளியே போகக் கூடாது என்கிறார். ஒரு நாள் சோதனைக்குப் போட்டும் பார்த்தோம். இங்கே ஒரு நொடியில் திறக்கும் பில் திரை அங்கே 8 நொடி எடுக்கிறது. நெட் 100 எம்பிபிஎஸ். என்ன கோளாறு?

டேட்டாபேஸ்_அண்ணன்:
8 நொடிக்கும் 100 எம்பிபிஎஸ்ஸுக்கும் சம்பந்தமில்லை சார். அவர்கள் சர்வர் மும்பையில்தானே? பிங் (ஒரு செய்தி அங்கே போய்த் திரும்பும் நேரம்) போட்டுப் பாருங்கள், 25-30 மில்லிசெகண்ட் வரும். கடைக்குள் ஒன்றுக்கும் குறைவு. உங்கள் புரோகிராம் ஒரு பில் திறக்க எத்தனை குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) அனுப்புகிறது? ஜெனரல் லாகை (வரும் குவெரிகளை எல்லாம் எழுதிவைக்கும் பதிவு) ஆன் செய்து, ஒரே ஒரு பில்லைத் திறந்து மூடிவிட்டு எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஸ்டாக்கைத் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டிருக்கும் என்பது என் சந்தேகம். அத்தனை தடவையும் மும்பை போய்த் திரும்ப வேண்டும் அல்லவா?

வெளியே கொடுப்பதில் உண்மையான லாபம் பேக்கப்தான். அமேசானின் ஆர்டிஎஸ் மாதிரி டேட்டாபேஸ் சேவைகளில் 35 நாள் வரை, கேட்ட நிமிடத்து நிலைக்கே டேட்டாபேஸைத் திருப்பலாம். சனிக்கிழமை 4:10-க்கு யாரோ தப்பாக அழித்தால் 4:09-க்குப் போய்விடலாம். பென் டிரைவில் இது நடக்காது. அப்புறம், 5.7-க்கு ஆதரவு 2023 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. எங்கே வைத்தாலும் மேலே ஏற்றித்தான் ஆக வேண்டும்.

நஷ்டம் என்னவென்றால், இன்று உங்கள் நெட் போனால் கிளைகள் மட்டும் நிற்கும். நாளை தலைமைக் கடையும் சேர்ந்து நிற்கும். வேறு கம்பெனியின் இரண்டாவது லைன் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். 99.95 என்றால் மாதத்துக்குச் சுமார் 22 நிமிடம் நிற்கலாம் என்று அர்த்தம். அது அவர்கள் சர்வருக்குத்தான், உங்கள் தெருவில் பள்ளம் தோண்டி கேபிளை அறுப்பவருக்கு இல்லை :)

இன்னொன்று: விண்டோஸில் டேபிள் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினாலும் சிறிய எழுத்தில் எழுதினாலும் ஒன்றுதான். வெளி சர்வர்களில் பெரும்பாலும் ஓடும் லினக்ஸில் வேறு வேறு. மைஎஸ்க்யூஎல் 8-இல் இந்த அமைப்பை முதல் தடவை நிறுவும்போதே சொல்லியாக வேண்டும், பிறகு மாற்ற முடியாது. நேர மண்டலத்தையும் பாருங்கள். யுடிசியில் (நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும் உலகப் பொது நேரம்) விட்டால் விடியற்காலை 5:30-க்கு முன் போடும் பில்லுக்கு முந்தின நாள் தேதி விழும்.

போய்த்திரும்பியவன்:
நான் போய்விட்டுத் திரும்பி வந்தவன். சர்வரில் ஒரு குறையும் இல்லை. கட்டணம் பிடிக்கும் கார்டு காலாவதியாகிவிட்டது, எச்சரிக்கை மெயில் வேலையை விட்டுப் போன பையனின் முகவரிக்குப் போனது, ஒரு திங்கட்கிழமை காலை கணக்கை முடக்கிவிட்டார்கள். பணம் கட்டித் திறக்க மதியம் ஆனது.

நிபுணர்கள் வைத்திருந்தால் பிழைக்கும் என்றும் நம்ப வேண்டாம். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் ஓர் இன்ஜினியர் தவறான சர்வரில் டேட்டாவை அழித்துவிட்டார். பல விதமாக எடுத்துவந்த பேக்கப்புகள் உதவவில்லை. தற்செயலாகச் சில மணி நேரம் முன்பு ஒருவர் எடுத்த ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்து டேட்டாவின் நகல்) காப்பாற்றியது. அப்படியும் சுமார் 6 மணி நேர டேட்டா போனது.

அவர்களிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். "போன வாரப் பேக்கப்பை இப்போது என் கண்முன் ஏற்றிக் காட்ட முடியுமா?" "நாளைக்கு நான் விலகினால் முழு டேட்டாவும் எந்த வடிவத்தில், எத்தனை நாளில் கைக்கு வரும்?"

கணக்குப்பிள்ளை:
பிரைவேட் லிமிடெட்டா, சொந்தப் பெயரிலா? கம்பெனி என்றால் கணக்குகளின் பேக்கப் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் இருக்க வேண்டும், 2022-இல் திருத்திய விதி. வெளியே வைக்கவே கூடாது என்று அதில் இல்லை. ஆடிட்டரிடம் விதி எண்ணைக் கேளுங்கள்.

உதிரிபாகக்கடை:
எல்லாருக்கும் நன்றி. சொந்தப் பெயரில்தான் நடத்துகிறோம். ஆடிட்டரிடம் கேட்டேன், "ஜாக்கிரதைக்குச் சொன்னேன்" என்றார்.

லாகை எண்ணினோம் அண்ணா. 40 பொருள் உள்ள ஒரு பில்லைத் திறக்க 274 குவெரி! பிங் 29 மில்லிசெகண்ட். பெருக்கினால் கிட்டத்தட்ட 8 நொடி. எழுதிக் கொடுத்தவர் முதலில் கோபப்பட்டார், பிறகு இரண்டு நாளில் 6 குவெரியாகச் சுருக்கிக் கொடுத்தார். இங்கேயும் திரை பட்டென்று திறக்கிறது.

பேக்கப்பை ஏற்றிக் காட்டச் சொன்னதற்கு அந்த நிறுவனம் "மேலே கேட்டுச் சொல்கிறோம்" என்று போய் ஒரு வாரம் ஆகிறது. அவர்களுக்குக் கையெழுத்துப் போடப்போவதில்லை, வேறு இடத்தில் விசாரிக்கிறேன். நேற்று யுபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி போட்டாயிற்று. ராத்திரி எடுத்த பேக்கப்பைத் தம்பியின் பழைய லேப்டாப்பில் ஏற்றிப் பார்த்தோம். 2 மணி 10 நிமிடம் பிடித்தது. கடைசி பில் நம்பர் சரியாக இருந்தது.