$ ஆங்கிலத்தின் சொத்தா?

எழுத்துருக்காரன்: "ஆங்கிலம் உலகப் பொதுமொழி ஆனதால்தான் $ உலகக் குறி ஆனது" என்று மணிப்பர்ஸ் நேற்று எழுதியதைப் படித்ததும் எரிச்சல்தான் வந்தது. $ ஸ்பானிய நாணயமான பெசோவின் சுருக்கம் ஐயா. 1770களின் வணிகக் கணக்குகளில் பி, எஸ் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. ஸ்பானிய வெள்ளி நாணயம் அமெரிக்காவிலேயே 1857 வரை செல்லுபடியானது.

மணிப்பர்ஸ்: பிறந்த ஊரை யார் கேட்டது? கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி பட்டியலில் 36ஆம் எண் $க்கு. அது ஆங்கிலத்துக்காகப் போட்ட பட்டியல்.

எழுத்துருக்காரன்: ஆங்கிலத்துக்கா? அப்படியானால் ஆங்கிலம் பிறந்த நாட்டின் பவுண்டுக் குறி £ எங்கே? ஆஸ்கியின் 128 இடத்தில் ஒன்றுகூட அதற்கு இல்லை. பிரிட்டிஷ்காரர்கள் 35இல் இருந்த #ஐத் தூக்கிவிட்டு £ போட்டுக்கொண்டார்கள். ஒரு கணினியில் £50 என்று அடித்தால் இன்னொன்றில் #50. ஜப்பானில் 92ஆம் இடத்துப் பின்சாய்கோட்டை (\) யென் குறி ¥ பிடித்தது. 36 அமெரிக்காவின் இடம்.

மணிப்பர்ஸ்: சுற்றி வளைக்காதீர்கள். 36.

பழையகணக்கு: £ மட்டும் ஆங்கிலமா? லத்தீன் 'லிப்ரா'வின் எல் அது. லத்தீன் வழக்கொழிந்தும் குறி நிற்கிறது. ஆங்கிலம்தான் எங்கும் பொதுமொழியா? உலக அஞ்சல் ஒன்றியத்துக்கு இன்றும் ஆட்சிமொழி பிரெஞ்சு. ஆங்கிலம் அங்கே அலுவல் மொழியானதே 1994இல்.

மணிப்பர்ஸ்: தபாலை ஏன் இழுக்கிறீர்கள்? யூரோ இழையிலும் இதே வேலைதான் செய்தீர்கள்.

பழையகணக்கு: அங்கே உங்கள் தப்பைத் திருத்தினேன், அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. யூரோவின் € குறிக்கு ஒவ்வொரு எழுத்துப் பட்டியலிலும் ஒரு எண்: விண்டோஸ் 1252இல் 128, ஐஎஸ்ஓ 8859-15இல் 164. பழைய 8859-1இல் 164 என்பது பொதுவான நாணயக் குறி ¤. அனுப்பியவர் 8859-15, படிப்பவர் 8859-1 என்றால் € போய் ¤ வரும். இப்போதும் சொல்கிறேன்.

சில்லறை: ₹க்கு வாருங்கள். பில் பிரிண்டரில் அதற்குப் பதில் ? வருகிறதே, ஏன்?

எழுத்துருக்காரன்: உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான ஒருங்குறிப் பட்டியலில் ₹ 8377. பிரிண்டரின் பட்டியல் 256 இடம்தான், பழையவற்றில் ₹ கிடையாது, அதனால்தான் ?. ஒருங்குறியை பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் அனுப்பினால் மூன்று பைட், மூன்று குப்பை எழுத்து. சிறு படமாக அனுப்புங்கள். இல்லை, நீங்களே வரைந்து பிரிண்டரின் நினைவகத்தில் பயனர் எழுத்தாக ஏற்றுங்கள். அணைத்தால் அது அழிந்துவிடும், திறக்கும்போதெல்லாம் மறுபடி ஏற்ற வேண்டும்.

மயில்தோகை: தமிழுக்கு ரூபாய்க் குறி ௹ 2003 முதல் ஒருங்குறியில் 3065இல் இருக்கிறதே! தேவநாகரி ₹ எதற்கு?

சில்லறை: ₹ஐ வரைந்த உதயகுமார் தமிழர்.

மயில்தோகை: வரைந்தவர் தமிழர், எழுத்து தமிழில்லை. 2025இல் தமிழக பட்ஜெட் இலச்சினையில் 'ரூ' போட்டதே சரி.

எழுத்துருக்காரன்: ௹ அனுப்பினாலும் அந்தப் பிரிண்டரில் அதே குப்பைதான்.

மயில்தோகை: உங்களுக்குப் பிரிண்டர்தான் பெரிது.

மணிப்பர்ஸ்: 36க்கு இன்னும் பதில் இல்லை.

எழுத்துருக்காரன்: £ எங்கே?