போனில் இயர்போன் ஜாக் போச்சு, கோடை பண்பலையும் போச்சு: உங்களுக்கும் இப்படி நடந்ததா?

தேனிக்காரன்

அப்பாவுக்கு 74 வயது. விடிகாலையில் மாட்டுக்குத் தீவனம் வைக்கும்போதே சட்டைப் பையில் போன், காதில் ஒயர், அதில் கோடை பண்பலை 100.5. பதினைந்து வருடப் பழக்கம். இதற்குள் போன் மூன்று முறை மாறிவிட்டது, பழக்கம் மாறவில்லை. போன பொங்கலுக்கு நான்தான் பெரிய புத்திசாலி மாதிரி ஒரு புதுப் போன் வாங்கிக் கொடுத்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். பெரிய திரை, எழுத்து நன்றாகத் தெரியும், பேட்டரி இரண்டு நாள் நிற்கும்.

கையில் கொடுத்ததும் அப்பா திரையைப் பார்க்கவே இல்லை. போனைத் திருப்பித் திருப்பி விளிம்பைத் தடவினார். மேலே தடவினார், கீழே தடவினார்.

"ஒயர் சொருகுற ஓட்டை எங்கடா?"

"இப்பல்லாம் ஒயர் கிடையாதுப்பா, புளூடூத்" என்று சொல்லி, கழுத்தில் மாட்டும் புளூடூத் ஒன்றும் வாங்கிக் கொடுத்தேன். பாட்டு கேட்டது, ரேடியோ கேட்கவில்லை. போனில் ரேடியோவே இல்லை. கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. எஃப்.எம். பிடிக்க ஏரியல் வேண்டும். 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது முக்கால் மீட்டர் ஒயர் இருந்தால் நன்றாகப் பிடிக்கும். அவ்வளவு நீள ஏரியலைப் போனுக்குள் எங்கே வைப்பது? இத்தனை வருடமும் அப்பாவின் காதில் தொங்கிய இயர்போன் ஒயர்தான் ஏரியலாக இருந்திருக்கிறது. ஜாக்கை எடுத்தவர்கள் ஏரியலையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள்.

"ஆப்பில் கேட்கலாமே சார்" என்றார் கடைக்காரர். எங்கள் தோட்டத்தில் சிக்னல் இரண்டு கோடு வந்தாலே விசேஷம்.

அப்பா என்னை ஒன்றும் சொல்லவில்லை. "நல்லாத்தான் இருக்கு" என்று பெட்டியிலேயே திரும்ப வைத்துவிட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ரிச்சி தெரு ரிப்பேர்காரன்

அண்ணே, உங்கள் அப்பா கேட்ட கேள்வியை என் கடையில் வாரத்துக்குப் பத்துப் பேராவது கேட்கிறார்கள். பதிலுக்கு நான் எடுத்து நீட்டுவது ஒரு சின்ன கன்வெர்ட்டர்: இந்தப் பக்கம் டைப்-சி, அந்தப் பக்கம் 3.5 மி.மீ. இயர்போன் ஓட்டை. பாதிச் சண்டை அங்கேதான் தொடங்கும்.

அதில் இரண்டு சாதி உண்டு. ஒன்று வெறும் ஒயர். சில போன்கள் தாங்களே ஒலியாக மாற்றி டைப்-சி வழியாக வெளியே தள்ளும். ஒயர் அதைக் கடத்தினால் போதும். இன்னொன்றின் தலைக்குள் ஒரு குட்டி சிப் இருக்கும். டிஜிட்டலாக மட்டுமே கொடுக்கும் போன்களுக்கு அந்த சிப்தான் ஒலியாக்கித் தர வேண்டும். வெளியில் பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். 80 ரூபாய்க்கு வாங்கிப் போனவர் மறுநாள் வந்து கவுண்டரில் தூக்கிப் போடுவார். அவர் மச்சான் போனில் அதே ஒயர் பாடும், இவர் போனில் ஊமை. எந்தப் போன் எந்தச் சாதி என்று பெட்டியில் ஒரு வரி போட்டிருந்தால் எனக்கு ரத்த அழுத்தம் குறைந்திருக்கும்.

பழைய ஜாக்கும் ஒன்றும் யோக்கியம் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். மைக் வைத்த ஹெட்செட்டில், சொருகும் பின்னில் மைக்குக்கு எந்த வளையம், எர்த்துக்கு எந்த வளையம் என்பதில் இரண்டு முறை இருந்தது. பழைய நோக்கியா செட்டை வேறு கம்பெனிப் போனில் சொருகினால் இசை கேட்கும், பாடுகிறவர் குரல் கிணற்றுக்குள் போய்விடும். மைக் பட்டனை அழுத்திப் பிடித்தால் குரல் திரும்ப வரும்! அந்தப் பட்டனுக்கு ரப்பர் பேண்ட் போட்டுக் கேட்டவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அது 20 ரூபாய் இணைப்பில் தீர்ந்தது.

பெட்டி பிரித்தவன்

பேருந்தில் 12 மணி நேரம். போனில் சார்ஜ் 9 சதவீதம். சார்ஜ் போட்டால் பாட்டு இல்லை, பாட்டு கேட்டால் சார்ஜ் இல்லை. ஓட்டை ஒன்றுதான். அவ்வளவுதான் என் கதை.

பழைய வாசகன்

இந்தக் கூத்து எப்படி ஆரம்பித்தது என்பதை வரிசையாகப் பார்த்தால் கோபத்தைவிடச் சிரிப்புத்தான் வரும். 2016 செப்டம்பர் 7, சான் பிரான்சிஸ்கோ. ஐபோன் 7-இல் ஜாக் இல்லை என்று அறிவித்த ஆப்பிளின் ஃபில் ஷில்லர், அதற்கு முக்கியக் காரணமாக மேடையில் சொன்ன சொல் 'தைரியம்'. அதே மேடையில்தான் ஏர்பாட்ஸ் என்ற ஒயரில்லா இயர்போனும் வந்தது. இந்தியாவில் அப்போது அதன் விலை 15,400 ரூபாய். யாருடைய தைரியம் என்று வாங்கியவருக்குத்தான் தெரியும். முதல் இரண்டு வருடம் பெட்டியோடு வந்த கன்வெர்ட்டரும் 2018-இல் நின்றது.

2016 அக்டோபரிலேயே கூகுள் தன் பிக்சல் போன் விளம்பரத்தில், எங்களிடம் 3.5 ஜாக் இருக்கிறது என்று குத்திக் காட்டியது. ஒரே வருடம். 2017 அக்டோபரில் பிக்சல் 2 வந்தது, ஜாக் இல்லாமல். கன்வெர்ட்டரோடு அலையும் ஐபோன்காரர்களைச் சாம்சங் விளம்பரம் போட்டுக் கிண்டலடித்தது. 2019 ஆகஸ்ட்டில் அதன் நோட் 10-லும் ஜாக் காணோம். சார்ஜர் கதையும் இதேதான். 2020 அக்டோபரில் ஐபோன் 12 பெட்டியில் சார்ஜர் இல்லை என்றதும், எங்கள் பெட்டியில் உண்டு என்று சாம்சங் பதிவு போட்டது. 2021 ஜனவரியில் எஸ்21 வந்தபோது அந்தப் பெட்டியிலும் இல்லை. மெமரி கார்டு போடும் இடத்தையும் அதே போனில் எடுத்துவிட்டார்கள். அதைப் பற்றி யாரும் விளம்பரம் போட்டதாக நினைவில்லை.

ஒருவர் செய்தால் மற்றவர் செய்யமாட்டார், அங்கே போய்க்கொள்ளலாம் என்பதுதான் நமக்கிருந்த ஒரே பிடி. அது கேலி ஓய்வதற்குள் கழன்றுவிட்டது.

ஜெராக்ஸ் கடை அக்கா

போனை விடுங்கள், என் வயிற்றெரிச்சலைக் கேளுங்கள். பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை. இரண்டு வருடமாக ஒரு இங்க் பிரிண்டர், கார்ட்ரிட்ஜ் தீர்ந்தால் நம்ம ஊர் ரீஃபில் தம்பிதான் நிரப்பித் தருவான். ஒருநாள் ராத்திரி கடை மூடும்போது கம்ப்யூட்டரில் 'புதிய அப்டேட்' என்று ஒரு பெட்டி வந்தது. என் பையன் 'சரி' என்று அமுக்கிவிட்டு வந்துவிட்டான். அதில் வேறு எதைத்தான் அமுக்குவது?

காலையில் ஹால் டிக்கெட் எடுக்கப் பிள்ளைகள் வரிசை. முதல் பிள்ளைக்குப் போட்டேன். "இந்தக் கார்ட்ரிட்ஜ் ஏற்கப்படவில்லை." கழற்றித் துடைத்து மாட்டினேன். அதே செய்தி. கார்ட்ரிட்ஜைத் தூக்கிப் பார்த்தேன், கனமாக இருந்தது, முதல்நாள்தான் நிரப்பியது. டிஷ்யூ தாளில் ஒற்றினால் கறுப்பு மை பளபளவென்று ஒட்டுகிறது. மை இருக்கிறது, மிஷின் இருக்கிறது, தாள் இருக்கிறது, ஆனால் அச்சடிக்க மாட்டேன் என்கிறது. பிள்ளைகளை எதிர்க்கடைக்கு அனுப்பினேன். அந்த வரிசை அங்கே போவதைப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது.

ஹெல்ப்லைனில் பேசிய பெண், "உங்கள் பாதுகாப்புக்காகத்தான் மேடம்" என்றாள். மையிலிருந்து எனக்கு என்ன ஆபத்து என்று கேட்டேன். லைனில் இசை போட்டுவிட்டாள். ஒரிஜினல் கறுப்பும் கலரும் சேர்த்து 1,900 ரூபாய். அந்த ஒரு 'சரி'க்கு.

பழைய வாசகன்

அக்கா, உங்களுடையது எந்தக் கம்பெனியோ தெரியாது. ஆனால் இதற்கு உலகறிந்த முன்கதை உண்டு. 2016 செப்டம்பர் 13 அன்று, பல நாடுகளில் எச்.பி. பிரிண்டர்கள் வேறு கம்பெனிக் கார்ட்ரிட்ஜ்களை ஒரே நாளில் மறுக்க ஆரம்பித்தன. அன்று புதிதாக எதுவும் இறங்கவில்லை. முன்பே போட்டிருந்த அப்டேட் தேதி வரும்வரை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது. சத்தம் கிளம்பியதும் கம்பெனி வருத்தம் தெரிவித்து, அந்தத் தடையை நீக்கிக்கொள்ள ஓர் அப்டேட் கொடுத்தது.

நியூ ஜெர்சி மருமகள்

காப்பி மிஷினுக்கே இந்தக் கதி வந்தது, தெரியுமா? இங்கே கியூரிக் என்று ஒன்று, குட்டி டப்பாவைப் போட்டால் ஒரு கப் காப்பி. 2014-இல் வந்த அதன் 2.0 மிஷின், டப்பா மூடியில் உள்ள மையைப் பார்த்து, அனுமதி வாங்காத டப்பா என்றால் காப்பி போடாது. நம் தூளை நிரப்பிக்கொள்ளும் டப்பாவையும் அதற்கு விற்கவில்லை. ஜனங்கள் என்ன செய்தார்கள்? பழைய ஒரிஜினல் மூடியை வெட்டி டேப் போட்டு ஒட்டினார்கள். காப்பி வந்தது. விற்பனை சரிந்து, 2015-இல் தலைமை அதிகாரியே தப்பு செய்துவிட்டோம் என்று ஒப்புக்கொண்டு அந்த டப்பாவைத் திரும்பக் கொண்டுவந்தார். என் மாமியார் கொடுத்தனுப்பிய பித்தளை ஃபில்டர் இதுவரை எந்தத் தூளையும் பார்த்து முகம் சுளித்ததில்லை.

நடுவில் நிற்பவன்

எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள், கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். போனுக்குள் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் அடிபிடி. ஜாக்கை எடுத்தால் பேட்டரிக்கு இடம் கிடைக்கும், தண்ணீர் புகும் வழி ஒன்று குறையும். சார்ஜரும் அப்படித்தான், என் மேசை இழுப்பறையில் ஆறு கிடக்கிறது, ஏழாவது எனக்கு எதற்கு?

ரிச்சி தெரு ரிப்பேர்காரன்

சார், தண்ணீர் தாங்கும் போனில் ஜாக்கும் இருந்திருக்கிறது. சாம்சங்கின் எஸ்7-லிருந்து எஸ்10 வரை பாருங்கள். இழுப்பறைக் கணக்குக்கு ஒரு வேலை செய்யுங்கள். வேகச் சார்ஜிங் என்று போட்டிருக்கும் போனை அந்த ஆறு சார்ஜரிலும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். பல கம்பெனிகளுக்குத் தனித்தனி வேகச் சார்ஜ் முறை, அதன் சார்ஜரும் அதன் கேபிளும் சேர்ந்தால்தான் அந்த வேகம். மற்றதில் போட்டால் மாட்டுவண்டி. ஏழாவதை நீங்கள் வாங்குவீர்கள், என்னிடமே வாங்குவீர்கள், எனக்குச் சந்தோஷம்தான்.

நடுவில் நிற்பவன்

போட்டுப் பார்த்தேன். நாலு மாட்டுவண்டி, ஒரு சைக்கிள், ஒன்று ஏறவே இல்லை. சரி, சார்ஜரில் தோற்றேன். ஜாக் விஷயத்தில் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

கீபோர்டு அம்மா

ஜாக்குக்கு நான் வருகிறேன். என் மகள் டேப்லெட்டில் கீபோர்டு ஆப் வைத்துப் பழகுகிறாள். அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு வேண்டாம் என்று புளூடூத் போட்டால், விரல் அழுத்திய பிறகுதான் சத்தம் வருகிறது. நொடியில் ஐந்தில் ஒரு பங்கு தாமதம் என்றாலும் தாளத்துக்கு அது யுகம். படம் பார்க்கும்போது ஆப் சமாளித்துவிடும், வாசிக்கும்போது எதை வைத்துச் சமாளிக்கும்? பாட்டு வாத்தியார் பழைய டேப்லெட் ஒன்றைத் தேடிப் பிடிக்கச் சொன்னார். ஜாக் உள்ளதாம், 2017 மாடல். புதுசைவிடப் பழசுக்குப் பேரம் பேசியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

வக்கீல் குமாஸ்தா

சட்டம் போட்ட இடத்தில் கம்பெனிக்காரர்கள் வளைந்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் விற்கும் போன்களுக்கு டைப்-சி கட்டாயம். சட்டம் வருகிறது என்று தெரிந்ததும் 2023-இலேயே ஐபோன் 15 டைப்-சிக்கு மாறியது. சார்ஜரோடு வேண்டுமா, இல்லாமல் வேண்டுமா என்று வாங்குபவரைத் தேர்ந்தெடுக்க விட வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உண்டு. நடுவில் நிற்பவர் கவனிக்கவும். பிரேசிலில் 2022 செப்டம்பரில் சார்ஜர் இல்லாத ஐபோனை விற்கக் கூடாது என்று உத்தரவிட்டு, சுமார் 1.2 கோடி ரெயால் (பிரேசில் பணம்) அபராதமும் போட்டார்கள்.

தேனிக்காரருக்கு ஒரு தகவல். 2023 ஏப்ரலில் மத்திய மின்னணுவியல், தகவல் தொழில்நுட்ப அமைச்சகம், போனில் எஃப்.எம். வசதி இருந்தால் அதை முடக்கக் கூடாது, இல்லாவிட்டால் சேர்க்கப் பாருங்கள் என்று தொழில் சங்கங்களுக்கு எழுதியது. புயல், வெள்ளத்தில் டவர் விழுந்தால் ரேடியோதான் உதவும் என்பதும் ஒரு காரணம். ஆனால் அது அறிவுரை, சட்டம் அல்ல. ஜெராக்ஸ் அக்கா 1915-க்குப் போன் போடுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். பில் கையில் இருக்கட்டும்.

ஜெராக்ஸ் கடை அக்கா

பில் இருக்கிறது தம்பி. பில்லைக் காப்பி எடுக்கத்தான் எதிர்க்கடைக்குப் போகணும்.

தேனிக்காரன்

எல்லோருக்கும் நன்றி. ரிச்சி தெரு அண்ணன் சொன்ன இரண்டு சாதிக் கன்வெர்ட்டரையும் வாங்கிப் பார்த்தேன். சிப் வைத்ததில் பாட்டு வருகிறது. ரேடியோ வரவில்லை, போனில் அந்த வசதியையே வைக்கவில்லை.

நேற்று ஊருக்குப் போனபோது தொழுவத்துப் பக்கம் ரேடியோச் சத்தம் கேட்டது. அப்பா பழைய போனையே எடுத்திருக்கிறார். திரையில் குறுக்கே விரிசல், சிம் இல்லை, அதில் யாரோடும் பேச முடியாது. புதுப் போன் வலது பையில், பழையது இடது பையில், இடது பையிலிருந்து ஒயர். விவசாயச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது, என்னைக் கையமர்த்தினார்.

ஒரே சிக்கல், பழையதன் பேட்டரி உப்பி முதுகு மூடி தூக்கிக்கொண்டு நிற்கிறது. அதை நூல் போட்டுக் கட்டி வைத்திருக்கிறார். வெடித்துவிடும் என்று சொல்லி இன்று காலை பிடுங்கி வந்துவிட்டேன், என் பையில்தான் இருக்கிறது. மூடியைக் கழற்றிப் பேட்டரி மாற்றும் பழைய மாடல். ரிச்சி தெரு அண்ணே, மாடல் எண்ணைத் தனியாக அனுப்புகிறேன், கடையில் இருக்கிறதா பார்த்துச் சொல்லுங்கள். நாளைக் காலை தீவன நேரத்துக்குள் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும்.