பின்சக்கர இழுவைக் கார், பனியில் டிரைவ்வேயை விட்டே ஏறுதில்லை: உதவி தேவை

ஸ்காபரோ_புதுசு (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். கோடையில் பழைய பி.எம்.டபிள்யூ 323ஐ ஒன்று வாங்கினேன். 2009 மொடல், மனுவல் கியர், பின்சக்கர இழுவை. இலையுதிர் காலம் வரை ஓட அவ்வளவு சுகம். முதல் பனி கொட்டியதோடு சனியன் தொடங்கிவிட்டது.

வீட்டுக் கராஜ் பள்ளத்தில் இருக்கிறது, அங்கிருந்து வீதிக்கு ஏற வேண்டும். பாதித் தூரம் வந்ததும் பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றுகின்றன. டாஷில் மஞ்சள் முக்கோணம் மினுங்குகிறது. அக்சிலேட்டரை இன்னும் அமத்தினால் எஞ்சின் தானாகவே அடங்கிப் போகிறது. போன கிழமை இங்கே ரொறன்ரோவில், எக்ளிண்டன் வீதியில் வலப்பக்கம் திரும்பும்போது காரின் வால் வெளியே போய்ப் பக்கத்து லேனை எட்டிப் பார்த்தது. நல்லகாலம், அங்கே வேறு வண்டி இல்லை.

ரயர் ஓல் சீசன், பக்கத்தில் எம்+எஸ் (சேறும் பனியும்) என்று இருக்கிறது. மச்சான், "வித்துப்போட்டு நாலு சக்கரமும் இழுக்கிறதொன்று வாங்கு" என்கிறான். பின்னுக்கு மட்டும் இரண்டு விண்டர் ரயர் போட்டால் காணுமா? டிக்கியில் மணல் மூட்டை வைத்தால் உண்மையிலேயே உதவுமா?

பழைய_கராஜ்காரன்

தம்பி, காரை விற்க முன்னம் ரயரைப் பாருங்கோ. எம்+எஸ் எழுத்துக்குப் பனிப் பரிசோதனை தேவையில்லை, ரயர்க் கம்பனி தானே போட்டுக்கொள்ளலாம். மூன்று சிகர மலையும் அதற்குள் பனிப்பூவும் உள்ள அடையாளம் இருந்தால்தான் அந்த ரயர் பனியில் சோதித்துத் தேறியது. 7 பாகைக்குக் கீழே சாதாரண ஓல் சீசன் ரப்பர் இறுகத் தொடங்கும். மைனஸ் 15இல் அது நிலத்தைப் பிடிக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

பின்னுக்கு மட்டும் இரண்டு போடவே வேண்டாம். அப்படிப் போட்டால் ஏற்றத்தில் ஏறுவீர்கள், சரி. ஆனால் பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னுக்குச் சாய்கிறது. நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன்சக்கரத்துக்குத்தான், காரைத் திருப்புவதும் அதுதான். அங்கே இறுகின ரயர் இருந்தால் ஸ்டீரிங்கை எவ்வளவு வளைத்தாலும் கார் நேரே போகும். நாலும் போடுங்கோ.

உங்கள் மொடலுக்கு 205/55 அளவு ரயர், 16 அங்குல ரிம் பொருந்தும். இரும்பு ரிம்மோடு ஒரு செட் எடுத்து வையுங்கோ. 17, 18 அங்குலத்தை விட விலை குறைவு, ஒடுக்கமான ரயர் பனியை வெட்டிக்கொண்டு கீழேயும் இறங்கும். இன்சூரன்ஸ்காரரிடம் சொல்ல மறக்காதீங்கோ. 2016 தொடக்கம் ஒன்ராறியோவில் விண்டர் ரயருக்கு அவர்கள் கட்டணத்தில் கழிவு தந்தே ஆக வேண்டும்.

நாலும்_இழுக்கும்

நானும் இப்படி ஒரு கார் வைத்திருந்து அவதிப்பட்டு, கடைசியில் ஏ.டபிள்யூ.டி, நாலு சக்கரமும் இழுக்கிற கார் எடுத்தேன். இப்ப நிம்மதி. மச்சான் சொல்வதைக் கேளும். ஓல் சீசனே எனக்குப் போதும்.

ஒஸ்லோ_தமிழ்

நாலும்_இழுக்கும் அண்ணை, கோபிக்க வேண்டாம். நாலு சக்கரமும் இழுப்பது புறப்படத்தான் உதவும். நிறுத்துவதற்கு எல்லாக் காருக்கும் அதே நாலு ரயரும் பிரேக்கும்தான். நெடுஞ்சாலை ஓரப் பள்ளத்தில் மல்லாந்து கிடக்கிற ஜீப்புகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

நோர்வேயில் ஒரு காலத்தில் வொல்வோ 240தான் குடும்பக் கார். அதுவும் பின்சக்கர இழுவை, சனம் அதில்தான் பனிக்காலம் முழுக்க ஓடியது. இங்கே லைசென்ஸ் எடுக்க முன்னம் வழுக்குப் பாதைப் பயிற்சி கட்டாயம். வழுக்கும் தளத்தில் காரை ஓடவிட்டுச் சறுக்கப் பழக்குவார்கள். அங்கே எனக்கு மண்டையில் ஏறியது இதுதான்: வால் வெளியே போகும்போது கண் போக வேண்டிய வழியைப் பார்க்க வேண்டும், இடிக்கப் போகிற கம்பத்தை அல்ல. கண் போகிற பக்கம் கை தானாகப் போகும். வால் வலப்பக்கம் போனால் ஸ்டீரிங்கும் வலப்பக்கம். கால் அக்சிலேட்டரிலிருந்து எழும்ப வேண்டும், திடீரென்று அல்ல, மெதுவாக. வால் திரும்பி வரத் தொடங்கும்போதே ஸ்டீரிங்கையும் நேராக்க வேண்டும். பிந்தினால் மற்றப் பக்கம் சுழன்றுவிடும்.

உங்களுடையது மனுவல் கியர் என்றதால் இன்னொன்று. வழுக்கும் வளைவில் சட்டென்று கியரை இறக்கிக் கிளட்சை விடாதீங்கோ. எஞ்சின் பின்சக்கரத்தை மட்டும் பிடித்து இழுக்கும், பின்னுக்கு ஹாண்ட்பிரேக் போட்டது போலத்தான். சறுக்கினால் கிளட்சை அமத்துங்கோ, சக்கரம் தன் பாட்டில் உருளட்டும்.

மணல்மூட்டை_மாமா

மணல் பற்றி யாருமே சொல்லவில்லையே. பின்னுக்குப் பாரமே இல்லாத பிக்அப்புக்கு மூட்டை வைத்தால் நல்ல வித்தியாசம் தெரியும். உங்கள் காரில் முன்னும் பின்னும் பாரம் ஏறக்குறையப் பாதிப்பாதி, அதனால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். வைப்பதென்றால் 20 கிலோ மூட்டை இரண்டு, பின் அச்சுக்கு மேலே, பின்சீற்றோடு ஒட்டி, அசையாமல் கட்டி. டிக்கியின் கடைசி ஓரத்தில் வைத்தால் சறுக்கும்போது வால் இன்னும் வீசும்.

ஆனாலும் மணல் டிக்கியில் இருக்கட்டும், புதைந்தால் சக்கரத்துக்கு முன்னால் தூவலாம். கடும் குளிரில் சாதாரண உப்பு வேலை செய்யாது, மணலோ, வீட்டுப் பூனை மலம் கழிக்கப் போடுகிற மண்ணோதான் பிடி தரும்.

பழைய_கராஜ்காரன்

டிரைவ்வே விஷயத்தை விட்டுவிட்டேன். அந்த மஞ்சள் முக்கோணம் பழுது அல்ல. சக்கரம் வழுக்குவதைக் கண்டு கார் எஞ்சினை அடக்குகிறது. ஓடும்போது அது உயிர் காக்கும், புதைந்து நிற்கும்போது தொல்லை. டி.டி.சி (இழுவைக் கட்டுப்பாடு) பொத்தானை ஒருதரம் அமத்தினால் சக்கரத்தைக் கொஞ்சம் சுழல விடும். சில விநாடி அமத்திப் பிடித்தால், சறுக்கலைத் தடுக்கிற டி.எஸ்.சி முழுக்க நிற்கும். ஏறி வெளியே வந்ததும் திரும்பப் போட்டுவிட வேண்டும்.

இரண்டாம் கியரில் கிளட்சை மெதுவாக விட்டுப் பாருங்கோ. பள்ளத்திலிருந்து புறப்பட்டால் நடுவில் நிற்காமல் ஒரே ஓட்டமாக ஏற வேண்டும். அதற்கு முன்னம் பனியைத் தள்ளிவிடுங்கோ. சக்கரம் சுற்றச் சுற்றக் கீழே உருகித் திரும்ப உறைகிறது, நீங்களே ஐஸ் செய்கிறீர்கள்.

ஸ்காபரோ_புதுசு

எல்லாருக்கும் நன்றி. நாலு விண்டர் ரயரும் 16 அங்குல இரும்பு ரிம்மில் போட்டாச்சு. பார்க்க வடிவில்லை, ஆனால் டிரைவ்வேயை இரண்டாம் கியரில் டி.டி.சி போட்டு ஏறுகிறது. காலமை வெள்ளெனப் பனி தள்ளாத நாளில் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். புளபர்ஸ் பூங்காவுக்கு இறங்குகிற பிரிம்லி வீதி இறக்கத்தில் மட்டும் இன்னும் நம்பிக்கை இல்லை. போகலாமா?

பழைய_கராஜ்காரன்

உப்புப் போடாத நாளில் அந்த இறக்கத்துக்கு எந்தக் காரோடும் போக வேண்டாம். கட்டாயம் போக வேண்டியிருந்தால் மேலே இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து, முன்கூட்டியே இரண்டாம் கியருக்கு வந்து இறங்குங்கோ. பாதியில் மாற்றாதீங்கோ.

100 கிலோமீற்றர் ஓடினதும் சக்கர போல்ட்டுகளை ஒருதரம் இறுக்கிப் பாருங்கோ. குளிர் கூடக் கூடக் காற்றும் குறையும், மாதம் ஒருதரமாவது அளக்க வேணும். சித்திரை வருடப்பிறப்பு கழியும் வரை அந்த ரயரைக் கழற்ற வேண்டாம். ஏப்ரலிலும் இங்கே பனி கொட்டும்.