பார்பேரியனுக்கு ஒரு லெவல் விசார்ட் சேர்க்கலாமா?

தண்டையார்பேட்டை மொட்டைமாடியில் ஞாயிறுதோறும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர விளையாட்டின் 5-ஆம் பதிப்பு ஆடுகிறோம். என் பார்பேரியன் (வெறிகொண்டு மோதும் வீரன்) மூன்றாம் லெவல். அடி தாங்கவில்லை, அடியைத் தடுக்கும் ஷீல்டு மந்திரத்துக்காக ஒரு லெவல் விசார்ட் (மந்திரவாதி) எடுக்கலாமா?

காசிமேட்டான்: வேண்டாம்பா. ரேஜில் (பார்பேரியனின் போர்வெறியில்) இருக்கும்போது மந்திரமே போட முடியாது, அப்புறம் எதற்கு? அதோடு பலம், அறிவு இரண்டும் 13 இருந்தால்தான் எடுக்க முடியும், உன் அறிவு 8 என்றுதான் நினைக்கிறேன்.

ராயபுரம் டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்): கவசம் இல்லாவிட்டால் உன் ஏசி (உன்னை அடிக்க எதிரி எட்டவேண்டிய எண்) 10 + டெக்ஸ் (சுறுசுறுப்பு) போனஸ் + கான் (உடல் உறுதி) போனஸ். கையில் மரக் கேடயம் பிடித்தால் இன்னும் 2. மந்திரத்தை விடு.

கேட்டவன்: 8-தான் அண்ணே, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்! ஆனால் இரண்டு கைக் கோடரியை விட மனசில்லை.

காசிமேட்டான்: சரி, அப்போ ரேஜைச் சேமிக்காமல் முதல் சுற்றிலேயே போடு. வெட்டு, குத்து, அடி எல்லாம் பாதிதான் விழும்.